வேளச்சேரி மண்ணில் பிளாஸ்டிக் புல்

எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில் இருபதுக்குப் பதினைந்து அடி காலி இடம். வேளச்சேரியில் இன்றைக்கு அதுவே ஆடம்பரம்தான். ஆனால் ஒரு தென்னையைத் தவிர அதில் உருப்படியாக எதுவும் வளர்ந்ததில்லை. கிழக்கே பக்கத்து அடுக்குமாடி, தெற்கே எங்கள் வீட்டுச் சுவர். நடுமதியம் கொஞ்ச நேரம் வெயில் விழும், அவ்வளவுதான். கொரியன் புல் பதித்தால் மஞ்சளடித்துப் போகிறது. அருகம்புல் வெளிச்சம் இருக்கிற ஓரமாக ஒதுங்கிவிடுகிறது. யாரும் கூப்பிடாமல் வந்து கொழிப்பது கோரை ஒன்றுதான். கோரை கொழிக்கிற இடத்தில் தண்ணீர் நிற்கும் என்பதைக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஐப்பசி பிறந்தால் கணுக்கால் வரை சேறு. பங்குனி வந்தால் விரல் நுழையும் வெடிப்பு.

பையன் பள்ளிக்கரணைப் பக்கம் மணிக்கணக்கு வாடகையில் ‘டர்ஃப்’ விளையாடிவிட்டு வருகிறவன். “நம்ம வீட்லயே போட்டுடலாம்மா” என்று ஆரம்பித்தது அவன்தான். ஒரு கடைக்காரரை வரச் சொன்னோம். டேப்பைப் பிடித்து அளந்தார், முப்பத்தைந்து எம்எம், நாற்பது எம்எம் என்று சாம்பிள் துண்டுகளைத் தரையில் பரப்பினார், “கீழ பி.சி.சி. போட்டு மேல ஒட்டிடலாம் மேடம், சீக்கிரம் முடிஞ்சுடும்” என்றார். மழைத் தண்ணீர் என்ன ஆகும் என்று கேட்டேன். சாம்பிளைத் திருப்பி, அடியில் இருக்கும் சின்னச் சின்ன ஓட்டைகளைக் காட்டினார். “இதுல இறங்கி கீழ போயிடும் மேடம்.”

கீழே எங்கே? அவர் சொன்னபடி செய்தால் கீழே கான்கிரீட். கான்கிரீட் போடாவிட்டால் வேளச்சேரிக் களிமண். இரண்டும் தண்ணீருக்கு வழிவிடாத சாதி. இந்தப் பதிவு முழுக்க அந்தக் ‘கீழே’யைப் பற்றித்தான். புல்லைப் பற்றி எழுதச் சொல்லிக் கேட்டவர்கள் மன்னிக்கவும். புல் கடைசியில்தான் வரும்.

முதலில் உங்கள் மண் என்ன மண் என்று பாருங்கள். அதற்கு லேப் வேண்டாம். ஒரு பிடி எடுத்து, கல் வேர் எல்லாம் நீக்கி, தண்ணீர் தெளித்துப் பிசையுங்கள். அதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நாடா மாதிரி வெளியே தள்ளிக்கொண்டே போங்கள். மணல் கலந்த மண் உடனே உதிரும். செம்மண் அரை இஞ்ச், ஒரு இஞ்ச் வந்து அறுந்து விழும். இரண்டு இஞ்சைத் தாண்டியும் அறுபடாமல், விரல் ரேகை பதிந்து, பளபளவென்று நீண்டு தொங்கினால் அது களி. எங்கள் வீட்டு மண் அப்படித்தான் தொங்கியது. கையைக் கழுவினால் நகக்கண்ணில் கறுப்பு நிற்கிறது. அத்தை எட்டிப் பார்த்து, “சதுர்த்திக்கு எதுக்குடி கடையில போய்ப் பிள்ளையார் வாங்குறோம்?” என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்.

அடுத்தது குழிச் சோதனை. ஒரு அடி ஆழத்துக்குக் குழி வெட்டி, தண்ணீர் ஊற்றி, அது முழுசாக இறங்கும் வரை விட்டுவிட்டு, மறுபடி நிரப்பி, ஒரு ஸ்கேலைச் செருகி வைத்து மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பது. முதல் தண்ணீர் இறங்குவதை நம்பாதீர்கள். காய்ந்த களி வெடிப்பு வழியாக மடமடவென்று குடித்துவிடும். மண் ஊறி, வெடிப்பு மூடிக்கொண்ட பிறகு அதே மண் வாயைத் திறக்காது. மழைக்காலத்தில் உங்களுக்குக் கிடைக்கப் போவது இந்த இரண்டாவது மண்தான்.

ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு வெளியிட்ட பாசனக் கையேடு ஒன்றில், களிமண்ணில் நீர் இறங்கும் வேகம் மணிக்கு 1 முதல் 5 மில்லிமீட்டர் என்று போட்டிருக்கிறது. மணலுக்கு 30-க்கு மேல். சென்னையில் ஒரு நல்ல வடகிழக்குப் பருவமழை நாளில் 100 மி.மீ., அதாவது பத்து சென்டிமீட்டர் பெய்வது அதிசயம் இல்லை. அது களியில் இறங்க, ரொம்ப நல்ல கணக்குப் போட்டாலே 20 மணி நேரம். மோசமாகப் போட்டால் நாலு நாளைக்கு மேல். அதற்குள் அடுத்த தாழ்வு மண்டலம் வங்கக் கடலில் கிளம்பியிருக்கும்.

திருவான்மியூரில் இருக்கும் தோழி தன் வீட்டில் மண்ணைச் சமப்படுத்தி நேராகப் புல்லை விரித்தாள். ஒரு பிரச்சினையும் இல்லை என்கிறாள். இருக்காது. அவள் வீடு கடற்கரை மணல் மேல் இருக்கிறது. நடுவில் அஞ்சாறு கிலோமீட்டர்தான், ஆனால் மண் வேறு. கிண்டி, வேளச்சேரி, ஆதம்பாக்கம் பகுதிகளைப் பாறைப் பகுதி என்றுதான் சென்னையின் நிலவியல் குறிப்புகள் சொல்லும். ஆழத்தில் பாறை இருப்பது உண்மை. வேளச்சேரி ஏரியைச் சுற்றியும் பள்ளிக்கரணைச் சதுப்பை நோக்கியும் தாழும் மனைகளில் அந்தப் பாறைக்கு மேலே கறுப்புக் களி படுத்திருக்கிறது. தண்ணீர் களியிலும் இறங்காது. தப்பித்தவறி இறங்கினாலும் பாறையிலும் போகாது.

இந்தக் களியைத் திட்டுவதற்கு எனக்கு மனசு வரவில்லை. இந்த ஊர் ஏரிப் பாசன ஊர். ஏரிக்குக் கீழே நெல் வயல். அத்தை கல்யாணமாகி வந்த புதிதில் மொட்டை மாடியில் நின்றால் நாற்று தெரியுமாம். நெல் வயலுக்குச் சேறு அடிப்பது எதற்கு? தண்ணீர் கீழே இறங்கிவிடக் கூடாது என்பதற்குத்தான். மண்ணில் தண்ணீரைக் கட்டி, உழுது, மிதித்து, குழைத்து, மண் துகள்களுக்கு நடுவில் இருக்கும் சந்துகளை எல்லாம் அடைத்துவிடுவார்கள். அடியில் ஒரு கெட்டித் தளம் உண்டாகும். வருஷா வருஷம், தலைமுறை தலைமுறையாக அதைச் செய்த மண் இது. தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள் என்று பழக்கிய மண்ணின் மேல் மனை போட்டு விற்றார்கள், நாம் வாங்கினோம். இப்போது தண்ணீர் ஏன் இறங்கவில்லை என்று கேட்டால் அது என்ன பதில் சொல்லும்?

ஏரி மட்டும் சுருங்கிவிட்டது. ஒரு காலத்தில் 265 ஏக்கர் என்று சொல்வார்கள், இன்றைக்கு 55 ஏக்கர் அளவில் நிற்கிறது. ஆதம்பாக்கம் ஏரியின் உபரி வீராங்கால் ஓடை வழியாகப் பள்ளிக்கரணைக்குப் போகிறது. வேளச்சேரித் தண்ணீர் போக வேண்டிய இடமும் அதுதான். பள்ளிக்கரணையிலிருந்து ஒக்கியம் மடுவு, பிறகு பக்கிங்காம் கால்வாய், பிறகு கோவளம் முகத்துவாரம், பிறகு கடல். தென்சென்னையின் சுமார் 250 சதுர கிலோமீட்டர் தண்ணீருக்கு இது ஒன்றுதான் வாசல். அந்தச் சதுப்பில் மிஞ்சியதற்கு 2022-ல் ராம்சார் அந்தஸ்து கிடைத்தது, 1,247 ஹெக்டேர். வேளச்சேரியில் வீட்டுக் கொல்லையில் பைப் போடுகிறவர் இந்த வரைபடத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் போடுவது நல்லது. நம் பைப்பின் மறுமுனை அங்கேதான் இருக்கிறது.

மேஸ்திரி வந்தார். எங்கள் தெருவில் பாதி வீட்டுக்கு ஓதம் அடித்த சுவரைச் சரிசெய்தவர். லேசர் கருவி எதுவும் கொண்டுவரவில்லை. பையிலிருந்து நீளமான ட்ரான்ஸ்பரண்ட் ட்யூபை எடுத்தார். குடத்திலிருந்து தண்ணீரை வாயால் உறிஞ்சி ட்யூபை நிரப்பி, காற்றுக் குமிழி ஒன்றுகூட இல்லாமல் தட்டித் தட்டி வெளியேற்றினார். ஒரு முனையை நான் வீட்டுச் சுவரோரம் பிடித்துக்கொண்டேன், மறுமுனையை அவர் தோட்டத்தின் நாலு மூலைக்கும், பிறகு பக்கச் சந்து வழியாகக் கேட்டுக்கும், கடைசியில் ரோட்டுக்கும் இழுத்துக்கொண்டு போனார். ஒவ்வொரு இடத்திலும் ட்யூபில் தண்ணீர் அசைந்து அசைந்து நிற்கும் வரை பொறுத்திருந்து பென்சிலால் கோடு. முடிவு: கொல்லை ரோட்டைவிட அஞ்சு இஞ்ச் பள்ளம். கொல்லையிலேயே வடகிழக்கு மூலை மற்ற இடத்தைவிட ரெண்டு இஞ்ச் பள்ளம். வீட்டின் பேஸ்மட்டம் கொல்லையைவிட ஒன்றே கால் அடி உயரம்.

“வீடு கட்டும்போது ரோடு கீழதாம்மா இருந்துச்சு” என்றார். தெரிந்த கதைதான். சென்னையில் பழைய தாரைச் சுரண்டாமலே மேலே மேலே போட்டுப் போட்டு ரோடு உயர்ந்து, வீடுகள் எல்லாம் பள்ளத்துக்குப் போய்விட்டன. 2021-ல் தலைமைச் செயலாளர், பழைய மேற்பரப்பைச் சுரண்டிவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும் என்று உத்தரவு போட்டார். நல்ல உத்தரவு. ஏற்கெனவே ஏறிவிட்ட ரோடு அதனால் இறங்கிவிடாது. எங்கள் பக்கம் சிலர் வீட்டையே ஜாக்கி வைத்துத் தூக்கிவிட்டார்கள்.

கொல்லையை மண் அடித்து உயர்த்திவிடலாமே என்று எல்லோரும் சொல்வார்கள். ஒரு லோடு ரப்பீஷ் கொட்டினால் முடிந்தது. கூடாது. வெளித்தரை பேஸ்மட்டத்தை நெருங்கினால் சுவரில் ஓதம் ஏறும், கரையான் வரும், பெருமழையில் தண்ணீர் நேராகக் கூடத்துக்குள் வரும். எத்தனை உயர்த்தினாலும் பேஸ்மட்டத்துக்கு அரை அடி கீழேயாவது நின்றுவிட வேண்டும் என்று மேஸ்திரி கறாராகச் சொல்லிவிட்டார். உயர்த்தினால் நம் தண்ணீர் பக்கத்து வீட்டுக்குப் போகும் என்பது இன்னொரு விஷயம். பக்கத்து வீட்டுக்காரர் அவரும் ஒரு லோடு கொட்டுவார். இந்தப் போட்டியில் ஜெயித்தவர் யாரும் வேளச்சேரியில் இல்லை.

களியில் லோடு மணலைக் கலந்தால் சரியாகிவிடும் என்றும் சிலர் சொல்வார்கள். மணல் கொஞ்சமாக, களி அதிகமாகக் கலந்தால் கிடைப்பது செங்கல் மாதிரி இறுகும் கலவை. விட்டுவிடுங்கள்.

இனிதான் முக்கியமான இடம். செயற்கைப் புல்லுக்கு வழக்கமாகச் சொல்லும் முறை: நாலு இஞ்ச் மண்ணை வெட்டி எடு, ஜல்லி போடு, அழுத்து, மேலே சிப்ஸ், மேலே புல். வெளிநாட்டு வீடியோக்களிலும் இதேதான். களிமண்ணில் இதை இப்படியே செய்தால் நீங்கள் கட்டியது அடைப்பு போட்ட தொட்டி. நாலு பக்கமும் களி, அடியிலும் களி, உள்ளே ஜல்லி. எங்கள் அளவுக்குக் கணக்குப் போட்டேன். 300 சதுர அடியில் நாலு இஞ்ச் ஜல்லி என்றால் 100 கன அடி. அதில் கல்லுக்குக் கல் இருக்கும் சந்து ஏறக்குறைய நாற்பது சதவீதம். லிட்டரில் சொன்னால் 1,100. அந்த இடத்தில் 100 மி.மீ. மழை பெய்தால் விழுவது 2,800 லிட்டர். அதாவது 40 மி.மீ. பெய்தவுடனே தொட்டி நிரம்பிவிடும், மிச்சம் புல்லுக்கு மேலே நிற்கும். 40 மி.மீ. என்பது ஆவணி மாசத்து ஒரு சாயங்கால இடி மழை. மழை விட்ட பிறகும் ஜல்லிக்குள் இருப்பது நாள்கணக்கில் அப்படியே கிடந்து அழுகும். புல் மேலே காய்ந்து அழகாகத் தெரியும், கால் வைத்தால் சளக் என்னும், வாடை வரும், கொசு வரும்.

ஆகவே வாட்டம் புல்லின் மேற்பரப்பில் இருந்தால் போதாது. ஜல்லிக்கு அடியில், களியின் முதுகிலேயே வாட்டம் வேண்டும். தண்ணீர் ஜல்லிக்குள் இறங்கி, களியைத் தொட்டு, அதன் மேல் வழுக்கிக்கொண்டு ஒரு பக்கமாகப் போக வேண்டும். எந்தப் பக்கம் பள்ளமோ அந்தப் பக்கம். எங்களுக்கு வடக்குச் சுவரோரம். இருபது அடி நீளத்துக்கு மூன்று இஞ்ச் இறக்கம் வைத்தோம். இந்த ஒரு வேலைக்காக மேஸ்திரி செலவழித்த நேரம் மற்ற எல்லா வேலையையும்விட அதிகம். நூல் கட்டி, முளை அடித்து, மண்வெட்டியால் சீவிச் சீவி, திமிசுக்கட்டையால் அடித்து, மறுபடி ட்யூப் வைத்துப் பார்த்து. நடுவில் ஒரு இடம் குழிந்திருந்தாலும் அங்கே ஒரு குட்டை; மேலே ஜல்லி போட்டுவிட்டால் அது கண்ணுக்குத் தெரியாது.

இதைச் செய்யச் சித்திரை, வைகாசிதான் சரியான காலம். ஈரக் களியைச் சீவவும் முடியாது, அடிக்கவும் முடியாது; மண்வெட்டியிலேயே ஒட்டிக்கொண்டு வரும். ரொம்பக் காய்ந்துவிட்டால் கடப்பாரை எகிறும். லேசாகத் தண்ணீர் தெளித்து ஓர் இரவு விட்டு, மறுநாள் வெட்டினால் கேக் மாதிரி வரும்.

களிக்கும் ஜல்லிக்கும் நடுவில் ஜியோ டெக்ஸ்டைல் துணி. கம்பளி மாதிரி இருக்கும் வகை, நெய்த சாக்கு மாதிரி இருப்பது இல்லை. இது இல்லாவிட்டால் மழைக்காலத்தில் ஊறிய களி மெதுவாக மேலே பிதுங்கி ஜல்லிச் சந்துகளை அடைத்துவிடும்; கல் கீழே புதையும். கொஞ்ச வருஷத்தில் ஜல்லியும் களியும் ஒன்றாகிவிடும். “துணிக்கு எதுக்கும்மா காசு, தார்ப்பாய் இருக்கே” என்று சித்தாள் கேட்டார். தார்ப்பாய் தண்ணீரை விடாது, கிழிந்த இடத்தில் களி வரும். துணிக்குத்தான் காசு போனது.

தாழ்வான ஓரத்தில், சுவரிலிருந்து இரண்டு அடி தள்ளி, ஒரு அடி அகலம் ஒன்றரை அடி ஆழத்தில் நீளமாக ஒரு வாய்க்கால் வெட்டினோம். சுவரை ஒட்டி வெட்டாமல் தள்ளி வெட்டியதற்குக் காரணம் இருக்கிறது. பழைய காம்பவுண்டுக்கு அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் என்று யாருக்கும் தெரியாது. ஈரக் களி சொல்லாமல் கொள்ளாமல் சரியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது இதே வேளச்சேரி ஐந்து பர்லாங் சாலையில், கட்டடத்துக்குத் தோண்டியிருந்த ஆழமான பள்ளத்தின் ஓரம் சரிந்து இரண்டு பேர் உயிர் போனது. நம்முடையது ஒன்றரை அடிதான். இருந்தாலும் இந்த மண்ணின் குணம் அதே குணம்தான்.

வாய்க்காலில் துணியை விரித்து, இரண்டு இஞ்ச் இருபது எம்எம் ஜல்லி, அதன் மேல் ஓட்டை போட்ட நாலு இஞ்ச் பிவிசி பைப், மேலே மறுபடி ஜல்லி, துணியை மடித்து மூடி. 1859-ல் ஹென்றி ஃபிளாக் ஃபிரெஞ்ச் என்ற அமெரிக்கர் பண்ணை வடிகால் பற்றி எழுதிய புத்தகத்தால் பரவிய முறை இது. பிவிசியும் துணியும்தான் புதுசு. பைப்பை வைக்கும்போது மேஸ்திரிக்கும் எனக்கும் ஒரு வாக்குவாதம்.

“ஓட்டை மேல பார்க்கணும்மா. அப்பதான் தண்ணி உள்ள விழும்.”

“இல்ல மேஸ்திரி, கீழ பார்க்கணும்.”

“கீழ பார்த்தா உள்ள போன தண்ணி ஒழுகிடாது?”

நியாயமான சந்தேகம்தான். ஆனால் வாய்க்காலுக்குள் தண்ணீர் மேலிருந்து பைப்பில் கொட்டுவதில்லை. ஜல்லி வழியாக அடிக்குப் போய், அடியிலிருந்து மட்டம் ஏறுகிறது. ஓட்டை கீழே இருந்தால் மட்டம் பைப்பைத் தொட்டவுடனே உள்ளே நுழைந்து ஓட ஆரம்பிக்கும். மேலே இருந்தால் நாலு இஞ்ச் ஏறும் வரை காத்திருக்க வேண்டும். மண்ணும் தூசியும் நேராக உள்ளே விழும். வாயால் சொன்னதில் அவர் திருப்தியாகவில்லை. ஒரு பக்கெட்டில் ஜல்லி போட்டு, துண்டுப் பைப்பைப் புதைத்து, ஓரமாகத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். பிறகு ஒன்றும் பேசாமல் பைப்பைத் திருப்பி வைத்தார்.

பைப் ஒரு சின்ன சேம்பருக்குப் போகிறது. அங்கே வண்டல் தங்கும். அங்கிருந்து உறை இறக்கிய ஒரு குழிக்கு. இந்தக் குழியிலிருந்து தண்ணீர் எங்கே போகும் என்பதுதான் வேளச்சேரிக்கே உரிய சிக்கல். ரோடு நம்மைவிட உயரம். பைப் தரைக்கு ஒன்றரை அடி கீழே. தானாக ஓடாது. குழி தானே உறிஞ்சிக்கொள்ளும் என்றும் நம்ப முடியாது. கார்த்திகையில் எங்கள் தெருவில் சம்ப்பைக் காலி செய்துவிட்டுப் பார்த்தால் ஊற்று சுரந்து தானாக நிரம்புகிறது. நிலத்தடி நீரே அவ்வளவு மேலே நிற்கும்போது குழி எதை உறிஞ்சும்? அதனால் ஒரு சின்ன சப்மெர்சிபிள் மோட்டார், மிதவை ஸ்விட்ச், வெளியே போகும் பைப்பில் நான்-ரிட்டர்ன் வால்வு. வால்வு கண்டிப்பாக வேண்டும். தெரு வடிகால் நிரம்பினால் ஊர்த் தண்ணீர் நம் பைப் வழியாகவே நம் கொல்லைக்கு வந்துவிடும். மோட்டாரை இன்வெர்ட்டரில் இணைத்தோம். மழை வலுத்தால் பாதுகாப்புக்காக முதலில் நிறுத்துவது கரண்டைத்தான், நமக்கு மோட்டார் தேவைப்படுவதும் அப்போதுதான்.

தண்ணீரைத் தள்ள வேண்டியது மழைநீர் வடிகாலுக்கு. பாதாளச் சாக்கடை மேன்ஹோலுக்கு இல்லை. எல்லாத் தெருவிலும் மழை வந்தவுடன் ஒரு புண்ணியவான் மேன்ஹோல் மூடியைத் தூக்கிவிடுவார். தண்ணீர் சுழன்று இறங்குவதைப் பார்க்கத் திருப்தியாக இருக்கும். சாக்கடைக் குழாய் மழையைத் தாங்கும் அளவில் போடப்பட்டதில்லை. இறங்கியதெல்லாம் தாழ்வான வீட்டு டாய்லெட் வழியாக எழுந்து வரும். தாழ்வான வீடு எங்களுடையதுதான் என்பதால் இதில் எனக்குக் கோபம் கொஞ்சம் அதிகம்.

இத்தனையும் செய்வதற்கு முன்னால் செய்ய வேண்டிய இன்னொன்று இருக்கிறது. ரொம்பச் சுலபம், ரொம்ப மலிவு, அதனாலேயே யாரும் கவனிப்பதில்லை. மழை பெய்யும்போது குடையோடு கொல்லையில் போய் நின்று, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பது. எங்கள் கொல்லைச் சேற்றின் பெரும்பங்கு வானத்திலிருந்து வந்ததே இல்லை. மொட்டை மாடி ஆயிரம் சதுர அடி, 100 மி.மீ. மழைக்கு 9,300 லிட்டர். ஒரு முழுத் தண்ணீர் லாரி. அதில் பாதி ஒரு டவுன் பைப் வழியாக நேராகக் கொல்லை மூலையில் கொட்டிக்கொண்டிருந்தது. கொல்லையின் சொந்த மழை 2,800. வந்த விருந்து 4,600. அந்தப் பைப்பைத் திருப்பியதுமே பாதிக்கு மேல் வேலை முடிந்தது. புல்லே போடாதவர்கள்கூட இதை மட்டுமாவது செய்யலாம்.

திருப்பி எங்கே விட்டோம்? மாடித் தண்ணீர் சுத்தமானது. அதை வடிகட்டித் தொட்டி வழியாக முன்பக்கத்துப் பழைய கிணற்றுக்கு விட்டோம். கிணறு நிறைந்தால் வழிவது வடிகாலுக்கு. தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று 2003-ல் சட்டம் வந்தது. அவசரத்தில் பல வீடுகளில் ஒரு குழி தோண்டி, கூழாங்கல் போட்டு, போட்டோ எடுத்துக்கொண்டதோடு சரி. களிமண்ணில் மூன்று அடிக் குழி எதையும் சேகரிக்காது. களியைத் தாண்டி ஆழத்துக்குப் போகிற கிணறோ போரோ வேண்டும். சந்தேகம் இருப்பவர்கள் சேகர் ராகவன் நடத்தும் ‘மழை இல்லம்’ என்ற மழைநீர் சேகரிப்பு மையத்தைக் கேட்கலாம். 2002-லிருந்து சென்னைக்கு இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 2019 கோடையில் லாரிக்கு வரிசையில் நின்றதும் இதே வேளச்சேரி மக்கள்தான். வெள்ளமும் வறட்சியும் ஒரே விலாசத்துக்கு வருகிற ஊர் இது.

கொல்லைத் தண்ணீரை மட்டும் கிணற்றுக்கு விடவில்லை. பிளாஸ்டிக் புல்லின் இழைகள் வெயிலில் நைந்து தூளாகும். டர்ஃப் மைதானங்களில் புல்லுக்கு நடுவே தூவும் கறுப்பு ரப்பர் குருணை இன்னும் மோசம். ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் வேண்டுமென்றே சேர்க்கும் மைக்ரோபிளாஸ்டிக்குகளைத் தடை செய்தபோது அந்தக் குருணையையும் பட்டியலில் சேர்த்து, மைதானங்களுக்கு எட்டு வருஷம் அவகாசம் கொடுத்தது. வீட்டுக்கு ரப்பர் தேவையே இல்லை. கழுவிய சிலிக்கா மணல் போதும். சேம்பருக்கு மெல்லிய கம்பி வலை போட்டேன், கொசுவுக்கும் ஆச்சு, இழைக்கும் ஆச்சு. நீர் போய்ச் சேருவது சதுப்பு என்று தெரிந்த பிறகு முழு இடத்துக்கும் புல் போட எனக்கு மனமில்லை. பையனோடு பேரம் பேசி மூன்றில் ஒரு பங்கை, தென்னையைச் சுற்றி, மண்ணாகவே விட்டேன். அங்கே கோரை இருக்கிறது. இருக்கட்டும்.

கடைசியில் புல். 1960-களில் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்தில் கூரை போட்ட மைதானம் கட்டி, உள்ளே நிஜப் புல் செத்துப்போனதால் 1966-ல் பிளாஸ்டிக் புல் விரித்தார்கள். எங்கள் கொல்லையின் பிரச்சினையும் அதேதான், நிழல். நம் ஊரில் எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஹாக்கி மைதானம் எல்லோருக்கும் தெரியும். ஹாக்கி டர்ஃபுக்கு ஆட்டத்துக்கு முன்னால் தண்ணீர் தெளிப்பார்கள், பந்து வழுக்கி ஓட. அவர்கள் ஊற்றுகிறார்கள், நாங்கள் இறைக்கிறோம். ஜல்லிக்கு மேல் ஒரு இஞ்ச் கால் ஜல்லி சிப்ஸ், அழுத்தி, நூல் பிடித்துப் பார்த்து, அதன் மேல் விரிப்பு. வெயில் நேராக விழும் இடமாக இருந்தால் யோசித்துப் போடுங்கள். மே மாத மதியத்தில் பிளாஸ்டிக் புல் 60 டிகிரியைத் தாண்டும், வெறுங்காலோடு குழந்தை நிற்க முடியாது.

விரித்த பிறகு வந்த முதல் இடி மழைக்கு நானும் மேஸ்திரியும் (அவர் தற்செயலாக வந்ததாகத்தான் சொன்னார்) சேம்பர் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தோம். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு பைப் வாயில் விரல் தடிமனுக்கு ஒரு நீர்க்கோடு, கலங்கலாக. கொஞ்ச நேரத்தில் அரைப் பைப். மழை விட்டு அரை மணியில் புல்லின் மேல் நடந்தால் சளக் சத்தம் இல்லை.

ஆனால் இது மழைக்கான ஏற்பாடு, வெள்ளத்துக்கானது இல்லை. 2015 நவம்பரில் மட்டும் சென்னையில் ஆயிரம் மி.மீ.க்கு மேல் கொட்டியது. டிசம்பர் முதல் தேதி வந்த வெள்ளம் எல்லோருக்கும் நினைவிருக்கும். 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்தவுடனே எங்கள் ஆட்கள் வேளச்சேரி மேம்பாலத்தில் காரை ஏற்றி நிறுத்தியதை ஊரே பார்த்தது. ரோட்டிலிருந்து தண்ணீர் வந்தால் கால் ஹெச்.பி. மோட்டார் என்ன செய்யும்? சேறு மேலே படியும், புல்லைத் தூக்கிக் கழுவித்தான் ஆக வேண்டும். அதனால் கடைக்காரரிடம் பசை போட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஓரங்களில் ஆணி மட்டும். பிடுங்கினால் பாய் மாதிரி சுருட்டி மாடிக்குக் கொண்டுபோய்விடலாம். ஒட்டாவிட்டால் வாரண்டி கிடையாது மேடம் என்றார். வெள்ளத்துக்கு வாரண்டி உண்டா என்று கேட்டேன். அதுவும் கிடையாது என்றார். அப்படியானால் ஆணியே அடியுங்கள் என்றேன்.